பூட்டிய வீட்டில் பால்

அத்தியாயம் பதினொன்று

பூனை கேசரியின் கழுத்தில் முடி மறுபடியும் முளைக்கத் தொடங்கியதையும், அதைத் தடவிப் பார்த்து சுப்ரியா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்ததையும் போன வாரம் பார்த்தோம். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த பள்ளிக்கூடப் பையை இழுக்கக் குனிந்த சக்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்க வாங்களேன்."

பையின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து காய்ந்துபோன வாந்தி. பக்கத்தில் கேசரி உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஆறி வந்த புண் முழுவதும் திறந்துகொண்டு, அந்த ஆரஞ்சு நிற முடியில் ரத்தம் பிசுபிசுத்தது. சக்தி கையை நீட்டியதும் பூனை பல்லைக் காட்டிச் சீறியது. அவளிடம் அது சீறியதே இல்லை.

சுப்ரியா குனிந்து பார்த்தாள். மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இது நேத்து எடுத்த வாந்தி. பால் வாடை அடிக்குது."

"நம்ம பாலே குடுக்கறதில்லியேம்மா."

"அதான் எனக்கும் புரியல."

வாசற்படியில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் பூபதிக்கு, பால் என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கம்பெனியின் நீலச் சட்டை முதுகில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டது. மாசி பிறந்தும் ஓசூரில் குளிர் போகாத காலை அது.

பூபதிக்கு வேலை இல்லை என்பது நமக்குத் தெரியும். சுப்ரியாவுக்குத் தெரியாது. லாரிக்குப் பிரேக் சாமான் செய்கிற அந்தக் கம்பெனியில் ஆர்டர் நின்றுபோய், பொங்கல் விடுமுறை முடிந்து போனவர்களைக் கேட்டிலேயே நிறுத்தி, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே கூப்பிட்டுவிடுவார்கள் என்றுதான் அவன் வீட்டில் சொல்லவில்லை. அடுத்த வாரமும் போனது. அதற்கு அடுத்த வாரமும் போனது. சொல்லாமல் விட்டது, சொல்ல முடியாததாகிவிட்டது.

தினமும் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி பைக்கில் கிளம்புவான். சுப்ரியா நர்சரி ஸ்கூலுக்கும் சக்தி ஹைஸ்கூலுக்கும் போன பிறகு திரும்பி வந்து, தன்னிடமிருந்த சாவியால் கதவில் பதித்த பூட்டைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்காருவான். ஒரு குட்டி போல மடியில் ஏறிப் படுத்துக்கொள்ள கேசரி இருந்தது.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் பர்மிஷன் போடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். நான் அரை நாள் லீவு சொல்லிடறேன்" என்றாள் சுப்ரியா.

"சரி, கேட்டுப் பாக்கேன்."

வாசலுக்கு வந்து போனைக் காதில் வைத்துக்கொண்டான். நம்பர் எதையும் அழுத்தவில்லை.

"சார், பூபதி பேசுதேன் சார். ஒரு ரெண்டு மணி நேரம் பர்மிஷன் வேணும். வீட்டுல உடம்பு சரியில்ல... ஆமா சார். வந்துருதேன் சார்."

சத்தமில்லாத போனுக்குள் 'சார் சார்' என்று அவன் சொன்னதை, எதிர் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சென்னம்மா கேட்டாள். கேட்காததுபோல் வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள்.

* * *

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு கன்றுக்குட்டிக்கும் இரண்டு ஆடுகளுக்கும் பிறகு இவர்கள் முறை வந்தது. இரண்டு காய்கறிக் கூடைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கட்டி, நடுவில் கேசரியை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பூபதிதான் கூடையைப் பிடித்திருந்தான்.

டாக்டர் ஜோதிமணி கூடையைத் திறந்து பூனையின் கழுத்தைப் பார்த்தார். காதுக்குள் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"போன தடவ நல்லா ஆறியிருந்துச்சே. என்ன குடுத்தீங்க?"

"நீங்க சொன்னதுதான் டாக்டர். ஆட்டுக்கறியும் சோறும். உப்பு, மஞ்சள் எதுவும் போடாம, தனிச் சட்டில வேக வச்சு."

"மீனு?"

"வீட்டுல மீன் வாங்கறதையே நிறுத்திட்டோம். வாசனைக்கு அது அழுவுதுன்னு."

"பாலு?"

சுப்ரியா தயங்கினாள். "வாந்தில பால் வாடை அடிச்சுது. ஆனா நாங்க குடுக்கல டாக்டர். எம் பொண்ணு மேல சத்தியமா குடுக்கல."

"சத்தியம் எல்லாம் எதுக்கும்மா? இதுக்கு எது ஒத்துக்கலன்னு இன்னும் நமக்கே தெரியாது. பாலா, மீனா, கோழியான்னு கண்டுபிடிக்கத்தான் இது வரைக்கும் திங்காத ஒரே கறியில வைக்கச் சொன்னேன். நடுவுல வேற ஒண்ணு ஒரு வாய் போனாலும் பட்ட பாடெல்லாம் வீண். மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்." டாக்டர் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "பகல்ல வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. வெளிய போய் எதையாச்சும் தின்னுடும்னு உள்ளயே வச்சுப் பூட்டிட்டுப் போறோம்."

"பூட்டின வீட்டுக்குள்ள பால் எப்படிம்மா வரும்?"

அந்தக் கேள்வியை டாக்டர் சுப்ரியாவிடம்தான் கேட்டார். பூபதி கேசரியின் தலையை அழுத்திப் பிடித்தபடி ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூனை கத்தவில்லை. அவன் உள்ளங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தன்னை நம்பி அது அப்படிப் புதைத்துக்கொண்டதை அவனால் தாங்க முடியவில்லை.

"இந்த ஊசி அரிப்ப அடக்கும். இதையே போட்டுட்டு இருக்க முடியாது, உடம்பு கெட்டுடும். வாய்க்கட்டுதான் மருந்து. யாரோ பாவம் பாத்து ஊத்தறாங்க. யாருன்னு பாருங்க" என்றார் டாக்டர்.

* * *

பாலின் கதை இதுதான்.

பஞ்சாயத்துத் தண்ணீர் மத்தியானம்தான் வரும். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் சாவியைச் சென்னம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் ஒவ்வொரு வீடாகத் திறந்து, ரப்பர் குழாயைப் போட்டு, டிரம்மை நிரப்பிவிட்டுப் பூட்டி வைப்பாள். மூக்கண்டப்பள்ளியில் அந்த வரிசை வீடுகள் எழும்புவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவள். நிலம் போன பிறகும் இரண்டு மாடுகளை விடாமல் வைத்திருப்பவள்.

பூபதி உள்ளே தாழ் போடத் தொடங்காத ஆரம்ப நாட்களில், அப்படித் தண்ணீர் பிடிக்கத் திறந்த ஒரு மத்தியானம், தரையில் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தாள். காய்ச்சல் என்றான். மறுநாளும் இருந்தான். அதற்குப் பிறகு அவள் கதவைத் திறக்கவில்லை. பின்பக்க ஜன்னலைத் தட்டி, "தண்ணி வந்துச்சு தம்பி" என்று குழாயை நீட்டுவாள். அவனே பிடித்துக்கொள்வான். ஏன் இருக்கிறாய் என்று அவள் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு நாள் குழாயோடு ஒரு சொம்புப் பாலும் ஜன்னலில் வந்தது.

"வெறும் வயித்தோட உக்காராதீங்க. ஒரு டீ போட்டுக் குடிங்க."

மறுநாளும் வந்தது. பூபதி டீ போட்டுக் குடித்தான். கேசரி அவன் முழங்கால் மேல் முன்னங்காலை வைத்துக்கொண்டு, சொம்பைப் பார்த்துக் கத்தியது. டாக்டர் சொன்னது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் மிச்சப் பாலை ஒரு மூடியில் ஊற்றி வைத்தான். இரண்டு வாய்தானே என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்கு எதையும் கொண்டுவர முடியாமல் கிடந்தவனுக்கு, கேட்கிற ஒரு ஜீவனுக்கு இல்லை என்று சொல்லாமல் இருப்பது அந்த நேரத்தில் பெரிய விஷயமாக இருந்தது. பூனை மூடியை நக்கும்போது அவன் மனது கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு மூடியைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான்.

* * *

பைக்கில் திரும்பி வரும்போது சுப்ரியா கூடையை மடியில் வைத்திருந்தாள். சிப்காட் தாண்டியதும் அவன் தோளைத் தொட்டாள்.

"சென்னம்மாக்காகிட்டதான சாவி இருக்கு?"

"அவங்க அப்படிப் பண்ண மாட்டாங்க."

"பூனைக்குப் பால் ஊத்தாம யாராச்சும் வளப்பாங்களான்னு அன்னிக்கே என்னக் கேட்டு சிரிச்சாங்க. அவங்கதான்."

"விடு சுப்ரியா. கேக்காத."

"ஏன் விடணும்? புள்ள காலைல எப்படி அழுதுச்சுன்னு பாத்தீங்கல்ல?"

அப்போதே வண்டியை ஓரம் கட்டியிருக்கலாம். பூபதி கியரை மாற்றி வேகம் எடுத்தான்.

தெருக்குழாயில் தண்ணீர் வர இன்னும் நேரம் இருந்தது. பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னம்மா தொழுவத்து வாசலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். சுப்ரியா வண்டியிலிருந்து இறங்கி, கூடையைப் பூபதியிடம் கொடுத்துவிட்டு நேராக அவளிடம் போனாள்.

"சென்னம்மாக்கா, கேசரிக்குப் பால் ஊத்துனீங்களா?"

"நானா? இல்லியே கண்ணு."

"டாக்டர் பால்தான்னு சொல்றாங்க. வீடு பூட்டிக் கெடக்கு. சாவி உங்ககிட்ட இருக்கு. உங்க வீட்டுல பால் இருக்கு. வேற யாருக்கா ஊத்துவா?"

சென்னம்மாவின் கை கூடையில் அப்படியே நின்றது. ஜன்னல் வழியாக நீட்டிய சொம்பு அவள் நினைவுக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து, சுப்ரியாவுக்குப் பின்னால் நின்ற பூபதியை ஒரு முறை பார்த்தாள்.

"இப்ப எதுக்கு அவரப் பாக்கறீங்க? நான் உங்களத்தான் கேக்கறேன்." சுப்ரியாவின் குரல் ஏறியது. "கொஞ்ச நாளா சக்கரையும் டீத்தூளும் எங்க போவுதுன்னே தெரியல. எம் பொண்ணுதான் சக்கரைய அள்ளித் திங்குதுன்னு அவள அடிச்சுட்டேன். இப்பத்தான் புரியுது. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்க்கா. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற."

குழாயடியில் பேச்சு நின்றது.

திண்டில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த கோவிந்தப்பன் எழுந்தார். சென்னம்மாவின் புருஷன்.

"ஏம்மா டீச்சரு, யாரப் பாத்து என்னா பேசற? உன் வூட்டுக்காரர..."

"சும்னிரு" என்று கன்னடத்தில் அவரை அடக்கினாள் சென்னம்மா. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நூல் கட்டிய சாவியோடு திரும்பி வந்தாள். சுப்ரியாவின் கையில் அதை வைத்தாள்.

"இந்தாம்மா."

சாணிக் கூடையை எடுக்கக் குனிந்தாள்.

பூபதி கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். அவன் கூடையின் கட்டை இறுக்கினான். சென்னம்மா தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்ததும், அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதி வந்த பிறகுதான் தான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது அவனுக்கே உறைத்தது.

சுப்ரியா கேசரியை உள்ளே விட்டு, கதவைப் பூட்டினாள். "நீங்க கம்பெனிக்குக் கெளம்புங்க, நேரமாச்சு" என்றாள். அவளும் ஸ்கூலுக்குப் போனாள்.

* * *

அவன் வெகு தூரம் போகவில்லை. பைக்கை ஏரிக்கரையில் நிறுத்தினான். நீலச் சட்டை போட்ட இன்னொருவன் அங்கே பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த இடத்தில் இருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. வேறு போக்கிடமும் இல்லை. வண்டியை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு, வழக்கம்போல் பின்பக்கச் சந்து வழியாக வந்து, குழாயடி கவனிக்காத நேரம் பார்த்து வீட்டைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

கேசரி ஊசி மயக்கத்தில் சுருண்டு கிடந்தது. அவனைப் பார்த்ததும் தலையைத் தூக்கி மெல்லக் கத்தியது. அவன் பக்கத்தில் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டது. குடங்கள் உருண்டன. ஜன்னலை யாரும் தட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது வீட்டுப் பொற்கொடியின் குரல் கேட்டது. துணிக் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் போகிறவள். கிளம்புகிற அவசரத்தில் பேசினாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு சாவிய வாங்கிட்டு வந்துடச் சொன்னாரு."

சென்னம்மா ஏதோ கேட்டாள். அது இவனுக்குக் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? அவருதான்... பீரோவுல நகை இருக்கு, எதுக்கு வம்புன்னு சொல்றாரு. பையன் ஸ்கூல் விட்டு வந்தா எங்க நாத்தனார் வூட்டுக்குப் போயிக்கட்டும்."

"இரு கண்ணு, எடுத்தாறேன்."

"நம்ம சாவியும் அங்கதான கெடக்குது" என்று குழாயடியில் இன்னொரு குரல் தாழ்வாகச் சொன்னது. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

பூபதி எழுந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றான். இந்த நேரத்தில் இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாதவன் அவன். கதவைத் திறந்தால் எல்லாம் திறந்துகொள்ளும். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, வெளியே சென்னம்மா நடந்து போவதையும் திரும்பி வருவதையும் கேட்டான். சாவிக் கொத்து குலுங்கியது.

தாழ்ப்பாளை இழுத்துவிட்டான்.

வெயில் முகத்தில் அடித்தது. பூட்டிக் கிடந்ததாக எல்லாரும் நினைத்த வீட்டிலிருந்து, கம்பெனிச் சட்டையோடு அவன் படியிறங்கி வந்ததைக் குழாயடிப் பெண்கள் பார்த்தார்கள். நிரம்பிய குடத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் அதை நகர்த்தவில்லை.

"சாவிய வாங்காதீங்கம்மா" என்றான் பொற்கொடியிடம். "சென்னம்மாக்கா எங்க வீட்டுல கால் வச்சே ஒரு மாசம் ஆச்சு. பூனைக்குப் பால் ஊத்துனது நான். டீத்தூள், சக்கரை, அதுவும் நான்தான்."

"நீங்க இப்ப கம்பெனில இல்ல இருக்கணும்?" என்றாள் பொற்கொடி குழப்பத்தோடு.

"எனக்கு வேலை இல்லம்மா. பொங்கலுக்கு அப்புறம் கூப்பிடவே இல்ல. தெனம் இங்கதான் உள்ள உக்காந்திருக்கேன். வீட்டுல சொல்லல." சென்னம்மா பக்கம் திரும்பினான். "காலைல சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னுட்டேன்."

பொற்கொடி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நான் வரேன்க்கா, பஸ்ஸு போயிடும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். சாவி சென்னம்மாவின் கையிலேயே இருந்தது.

சென்னம்மா அவனைக் கூர்ந்து பார்த்தாள்.

"டீச்சருக்குச் சொன்னீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப மொதல்ல அங்க போங்க. தெருவுல நாலு பேரு சொல்லி டீச்சரு தெரிஞ்சுக்கக் கூடாது."

* * *

நர்சரி ஸ்கூல் கேட்டுக்கு வெளியே அவன் நிற்பதைப் பார்த்ததும் சுப்ரியா ஓடிவந்தாள்.

"கேசரிக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் வேலைலருந்து வந்தீங்க?"

வேலியோரப் புங்கமரத்துக்குக் கீழே நின்று அவன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. வேலை நின்றதைச் சொன்னான். பகலில் எங்கே இருந்தான் என்று சொன்னான். சொம்புப் பாலைச் சொன்னான். உள்ளே குழந்தைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். சுப்ரியா சாக்பீஸ் ஒட்டிய விரல்களைப் பார்த்தபடியே கேட்டாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை.

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"ஆரம்பத்துலருந்தே தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

"நான் பேசறப்ப நீங்க எம் பின்னாடிதான நின்னீங்க?"

"ஆமா."

"திருடின்னு சொல்லாத குறையா சொன்னேன். அப்பவும் கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா சுப்ரியா."

அவள் முந்தானையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"வேலை போயிடுச்சுன்னு சொன்னா நான் என்ன பண்ணிடுவேன்னு நெனச்சீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சரி. அத வீட்டுல பேசிக்கலாம். ஸ்கூல் விட்டதும் அங்க போகணும். நீங்களும் வாங்க."

ஸ்கூல் விட்டதும் அவன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் ஏறவில்லை. நடந்தே வந்தாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தான்.

வீட்டுப்படியில் சக்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு சுற்றிய கேசரி. தெருவில் அவளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்பா, பால் ஊத்துனது நீங்களா?"

"ஆமாம்மா."

"டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஊத்துனீங்க?"

"அது கேட்டுச்சும்மா. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"எங்கிட்டயுந்தான் தெனம் கேக்குது" என்றாள் சக்தி. "நான் சாப்புடறப்ப தட்டு பக்கத்துல வந்து உக்காந்து கேக்குது. நான் குடுக்கலியே."

வேலையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் கையை நீட்டியதைப் பார்த்தும், பார்க்காததுபோல் போனாள்.

குழாயடியில் வாங்கிய பார்வைகளைவிட அது ஆழமாக இறங்கியது.

* * *

பால் கறக்கிற நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. சுப்ரியாவும் பூபதியும் சென்னம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கோவிந்தப்பன் இருவரையும் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"கறந்துட்டு வருவா. நில்லுங்க" என்றார்.

நின்றார்கள். பால் வாங்க வந்தவர்கள் அவர்களைச் சுற்றி வளைந்து போனார்கள். சிலர் போகாமல் தள்ளி நின்றார்கள். சுப்ரியாவுக்கு முகம் எரிந்தது. தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. காலையில் நிமிர்ந்து பேசிய இடம் இது என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தே நின்றாள்.

சென்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா" என்றாள் சுப்ரியா. "காலைல இங்க எல்லார் முன்னாடியும் பேசுனேன். அதனால இங்கயே சொல்றேன். நீங்க எங்க வீட்டுல ஒரு துரும்பு எடுக்கல. நான் வாய்க்கு வந்தத பேசிட்டேன். என்ன மன்னிச்சுடுங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

சென்னம்மா படியிறங்கி அவள் அருகில் வந்தாள்.

"நெஞ்சு வலிச்சுதும்மா. இல்லன்னு சொல்லமாட்டேன். இத்தன வருசத்துல என்ன யாரும் அப்படிக் கேட்டதில்ல" என்றாள். "ஆனா நீ தெரியாம பேசுன. வாயில்லா ஜீவன் ரத்தத்தோட கெடந்தா யாருக்கும் கோவம் வரும். போ கண்ணு, பாப்பா பசியோட இருக்கும்."

சுப்ரியா கும்பிட்டாள். திரும்பினாள். பூபதியும் அவளோடு திரும்பினான்.

"தம்பி, நீங்க இருங்க."

அவன் நின்றான்.

"டீச்சரு தெரியாம பேசுச்சு. நீங்க தெரிஞ்சு நின்னீங்க. உங்ககிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும்."

சுப்ரியா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கண் அவளைத் தேடி வந்தது, கூட நில் என்று கேட்பதுபோல. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள்.

கோவிந்தப்பன் கயிற்றுக் கட்டை அள்ளிக்கொண்டு எழுந்து, தொழுவத்தின் பின்பக்கம் போய்விட்டார். தள்ளி நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்த வாசலில் சென்னம்மாவும் பூபதியும் மட்டும் இருந்தார்கள்.

"கேளுங்கக்கா" என்றான் பூபதி.

(தொடரும்)